முதலில் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வேலி

கேள்வி: மாட்டு டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். ஆரல்வாய்மொழியைத் தாண்டி முப்பந்தல் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே எங்களுக்கு 7 ஏக்கர் தரிசு இருக்கிறது. பயிர் கிடையாது, 9 மாடும் 46 ஆடும் அதில்தான் மேய்ந்துகொண்டிருந்தன. தெற்கே 640 அடி நீளத்துக்கு ரோடு. வடக்கே பொத்தை (சின்னப் பாறைக்குன்று). கிழக்கே பக்கத்து நிலத்துக்காரர் மதில் கட்டியிருக்கிறார். மேற்கே மேய்ச்சல் புறம்போக்கு. காற்றாலைக்குப் போகிற மண்பாதை எங்கள் நிலத்துக்குள்தான் போகிறது. போன ஆடி மாதம் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் சினைப்பசு ரோட்டில் நிற்க, பைக்கில் வந்த பையன் மோதிவிட்டான். அவனுக்குத் தோள் எலும்பு முறிவு. பசு மறுநாள் செத்துப்போயிற்று. ரோட்டோரம் முழுக்க முள்கம்பி போடலாம் என்று நான் நினைக்கிறேன். மச்சான் கரண்ட் வேலி போடச் சொல்கிறான். ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் மகன், அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வேலிதான் என்று போட்டோ அனுப்புகிறான். எதைச் செய்ய? புறம்போக்கையும் சேர்த்து அடைக்கலாமா? இனியும் மாடு அடிபட்டால் தப்பு யார் மேல்? நிலத்தில் மற்றபடி குறை ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு ரோட்டைத் தாண்டிக் குளத்துக்குப் போய்விடும். அதில் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

— வாசகர், தோவாளை வட்டம்

பதில்:

அண்ணாச்சி, சினைப்பசுவைப் பறிகொடுத்த வீட்டுக்கு உட்கார்ந்து வேலிக்கணக்கு எழுதுவது சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மீதி எட்டு மாடு நிற்கிறதே.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேலி, மச்சான், மகன் எல்லாம் முதலில் வருகிறது. விஷயம் இருப்பதோ போகிற போக்கில் எழுதிவிட்ட கடைசி வரியில். தண்ணீர் ரோட்டுக்கு அந்தப் பக்கம். தொந்தரவு இல்லை என்கிறீர்கள். தொந்தரவே அதுதான். கறவை மாடு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். வறட்டு மாட்டுக்குக்கூட 35, 40 லிட்டர் வேண்டும். ஆட்டுக்கு நாலைந்து லிட்டர். இத்தனை தாகத்தையும் ரோட்டுக்கு வடக்கே வைத்துக்கொண்டு, குளத்தைத் தெற்கே வைத்துக்கொண்டு, நடுவில் முள்கம்பி கட்டினால் மாடு என்ன செய்யும்? கம்பியை முட்டும். இரண்டு நாள் முட்டும், மூன்றாம் நாள் தூண் சாயும். சாயாவிட்டால் கம்பி முடிகிற இடம் வரை நடந்து போய், அங்கே ரோட்டில் ஏறும்.

இந்த இரண்டாவது சங்கதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலையில் இருந்தபோது, உங்கள் வட்டத்திலேயே ஓர் ஊரில் ஒருவர் கையில் இருந்த காசுக்கு ரோட்டோரத்தில் பாதிக்கு மட்டும் கம்பி போட்டார். மீதியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மாடு வேலியைக் கண்டால் திரும்பிப் போகாது. வேலியை ஒட்டியே நடக்கும். நடந்து நடந்து, கம்பி நின்ற இடத்தில் தடம் விழுந்துவிட்டது. அந்த இடமோ ரோட்டு வளைவு. முன்னால் நேர் ரோட்டில் அங்கங்கே தாண்டிக்கொண்டிருந்த மாடுகள், வேலி வந்த பிறகு எல்லாம் சேர்ந்து வளைவிலேயே தாண்ட ஆரம்பித்தன. ஒரே மழைக்காலத்தில் இரண்டு மாட்டுக்குத் தையல் போடப் போனேன். இன்னொரு வில்லங்கம்: வெளியே போன மாடு, வண்டி வந்தால் மிரண்டு தன் நிலத்தை நோக்கித்தான் ஓடும். அங்கே கம்பி தடுக்கிறது. கம்பிக்கும் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அரைகுறை வேலிக்கு வேலியே இல்லாமல் இருப்பது மேல்.

அதனால் கடைக்குப் போய்க் கம்பி விலை கேட்பதற்கு முன், ஒரு நாலு நாள் வேலை சொல்கிறேன். பொத்தை மேல் ஏறி நிழல் பார்த்து உட்காருங்கள். ஒரு நோட்டில் உங்கள் நிலத்தைக் கட்டம் போட்டு வரைந்து, மாடு எங்கே ரோட்டில் ஏறுகிறது, எத்தனை மணிக்கு, எதற்காக என்று குறித்து வையுங்கள். ஒற்றையடித் தடம் எங்கெங்கே விழுந்திருக்கிறது, சாணி எங்கே குவிந்து கிடக்கிறது என்பதையும் பாருங்கள். சாணி கூடுதலாகக் கிடக்கிற இடம் மாடு படுத்து அசைபோடுகிற இடம். அது ரோட்டோரமாக இருந்தால், நிழலும் உங்கள் நிலத்தில் சரியில்லை என்று அர்த்தம்.

தண்ணீரைத் தவிர இன்னும் இரண்டு காரணம் நோட்டில் வரும் என்று நினைக்கிறேன். ஒன்று, ரோட்டோரப் புல். தாரில் விழுகிற மழை அத்தனையும் ஓரத்துக்குத்தான் வடிகிறது. அந்த மூன்றடி மண்ணுக்கு மட்டும் பல மடங்கு தண்ணீர். மாசி பங்குனியில் உங்கள் ஏழு ஏக்கரும் காய்ந்து கிடக்கும்போது ரோட்டு ஓரம் மட்டும் பச்சையாக இருப்பது அதனால்தான். பச்சையைக் கண்ட மாட்டுக்குச் சட்டம் தெரியாது. அந்தப் புல்லை நீங்களே அரிவாள் கொண்டு அறுத்து உள்ளே கொண்டுவந்து போட்டுவிடுங்கள். அறுக்கும்போது பாலித்தீன் பை, பாட்டில் மூடி எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அவை தனியாக ஒரு நோய்க்கதை. இன்னொன்று, தார் ரோடே. மழைக்காலத்தில் நிலம் சகதியாகிவிட்டால் மாடு காய்ந்த இடம் தேடும். ஈ, கொசு கடித்தால் காற்றோட்டமான இடம் தேடும். இரண்டுமாக இருப்பது ரோடு. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் ரோடுகளில் மாடு சாவகாசமாகப் படுத்திருப்பதைப் பார்த்துத் திமிர் என்று திட்டுகிறோம். அதற்குப் பாவம் வேறு மெத்தை கிடையாது. கொட்டகைத் தரையை அரை அடி மண் போட்டு உயர்த்தி, சாயங்காலம் வேப்பிலை, நொச்சிப் புகை போட்டுப் பாருங்கள். எத்தனை மாடு தானாக வந்து படுக்கிறது என்று தெரியும்.

சரி, தொட்டி. மாடு எல்லாம் கறவையில் இருந்தால், வெயில் காலத்தில் உங்கள் மந்தைக்கு ஒரு நாள் தேவை 650 லிட்டருக்கு மேல் வரும். 1,000 லிட்டர் சிமென்ட் தொட்டி ஒன்று, ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, பொத்தை அடிவாரத்தில் கட்டுங்கள். உயரம் ஒன்றரை அடி, அப்போதுதான் ஆட்டுக்கும் எட்டும். ஒரு மூலையில் உள்ளே படிபோல இரண்டு கல் வைத்துவிடுங்கள். விழுந்த குட்டி ஏறி வர வழி வேண்டும். சுற்றி நாலடிக்குக் கல் பாவுங்கள், சகதி ஆகாது. போர் இல்லையென்றால் டேங்கர் தண்ணீர் வாங்கினாலும் பரவாயில்லை. ஒரு சினைப்பசுவின் விலைக்கு எத்தனை லோடு தண்ணீர் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொட்டகையில் கஞ்சித்தண்ணீரில் தவிடு கலந்து வையுங்கள். தினமும் அதே நேரம், அதே வாளிச் சத்தம். பத்துப் பதினைந்து நாளில் மாடு மணி பார்க்கப் பழகிவிடும். ராத்திரி எட்டு மணிக்குச் சினைப்பசு ரோட்டில் ஏன் நின்றது என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். இருட்டில் தார் ரோட்டில் நிற்கிற கறுப்பு மாடு, பைக்கில் வருகிறவன் கண்ணுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

இதெல்லாம் செய்த பிறகும் வேலி வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாகமில்லாத மாட்டைத் தடுக்க நாலு கம்பி போதும், தாகமெடுத்த மாட்டைத் தடுக்கச் சுவரே வேண்டும். அந்த வித்தியாசம்தான் உங்கள் செலவு.

எங்கே போடுவது? ரோட்டுக்கு 640 அடி முழுக்க. அதோடு மேற்கு மூலையில் நிறுத்திவிடாமல், உங்கள் எல்லைக்குள்ளேயே வடக்கே திருப்பி, பொத்தைப் பாறை தொடங்குகிற இடம்வரை கொண்டுபோக வேண்டும். அது 160 அடி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே மதில் இருக்கிறது, அதிலேயே முட்ட வைத்துவிடலாம். ஆக 800 அடி. எட்டு அடிக்கு ஒரு தூண் என்றால் 101 தூண். தெற்கும் மேற்கும் சேர்கிற மூலையை மட்டும் கூராக விடாமல் வளைவாகக் கொண்டுபோங்கள். நாய் துரத்தினால் மந்தை மூலையில் போய் நெருக்கியடித்துத்தான் நிற்கும். முதலில் சாய்வது மூலைத்தூண்தான். அந்த இடத்துத் தூண் மற்றதைவிடத் தடியாக இருக்கட்டும், இரண்டு பக்கமும் சாய்கால் கொடுங்கள்.

ரோட்டு எல்லைக்கல்லை ஒட்டி நட வேண்டாம். பத்தடியாவது உள்ளே தள்ளுங்கள். இடம் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். நெடுஞ்சாலைத் துறை ரோட்டை அகலப்படுத்த வந்தால் முதலில் போவது எல்லையில் நிற்கிற தூண்தான். அதைவிட முக்கியம், எப்படியோ வெளியே போய்விட்ட ஆடு மாடு வண்டிக்கு ஒதுங்கி நிற்க அந்தப் பத்தடி உதவும். தூண் நடுவதற்கு முன் தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி, சர்வேயரை வைத்துப் புலப்படத்தோடு அளந்து கல் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா காலத்து வரப்பை நம்பி நட்ட தூணைப் பிடுங்கிய கதைகள் நம் பக்கம் நிறைய உண்டு.

இனி வேலியின் உருவம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் போனால் விளைக்கு விளை (தோட்டத்துக்குத் தோட்டம்) கையாலை, அதாவது மண்ணும் கல்லும் வைத்த எல்லைச் சுவர், இருக்கும். இங்கே கிழக்கே அந்தப் பழக்கம் குறைவு. உடைமுள்ளை வெட்டி அடைப்பார்கள். உங்கள் நிலத்தில் கல்லுக்குப் பஞ்சமா? நான் சொல்வது இரண்டையும் கலந்த ஒரு வேலி. கீழே ஒன்றரை அடிக்குச் சிமென்ட் இல்லாத கல்லடுக்கு, அதற்கு மேலே நாலு வரிசைக் கம்பி. மொத்த உயரம் நாலரை அடி. ஆடு வேலியைத் தாண்டும் என்று எல்லாரும் பயப்படுவார்கள். வெள்ளாடு தாண்டுவதைவிட நுழைவதுதான் அதிகம், அதுவும் குட்டிகள். கீழே கல் இருந்தால் அந்தக் கவலை இல்லை. ஆனால் கல்லடுக்கின் உள்முகம் செங்குத்தாக இருக்க வேண்டும். சரிவை ரோட்டுப் பக்கம் கொடுங்கள். உள்பக்கம் சரிவு வைத்தால் வெள்ளாட்டுக்கு நீங்களே படிக்கட்டு கட்டிக்கொடுத்த மாதிரி. மழைத்தண்ணீர் போக அங்கங்கே ஓட்டை விடுங்கள். கல் இடுக்கில் கட்டுவிரியன் குடியேறும், அதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலத்துக்குமேல் வேலியோரம் செருப்பில்லாமல் போகாதீர்கள்.

கம்பியில் நீங்கள் முள்கம்பி என்கிறீர்கள். நாலு வரிசையில் மேல் இரண்டு முள்ளாக இருக்கட்டும், கீழ் இரண்டு முள் இல்லாத வெறும் கம்பி. காரணம், மடி. ரோட்டோரப் புல்லுக்குக் கழுத்தை நீட்டி, நடுவில் பாதி உடம்போடு மாட்டிக்கொண்டு பின்வாங்குகிற கறவையின் காம்பை முள்கம்பி கிழித்துவிடும். காம்புக் காயம் தைத்தாலும் பாதி சமயம் அந்தக் காம்பு போனதுதான். ஆட்டுக்கு இன்னொரு ஆபத்து, ஜன்னி (டெட்டனஸ்). துருக்கம்பி கீறிய ஆடு ஒரு வாரம் பத்து நாளில் கால் விறைத்து, வாய் பூட்டி, மரக்கட்டை மாதிரி நின்றால் அநேகமாகக் கைவிட்ட கேஸ்தான். வேலி வேலை தொடங்கும் முன் மந்தைக்கு டெட்டனஸ் தடுப்பூசி (டி.டி.) போட்டுவிடுங்கள். மொத்தம் 3,200 அடிக் கம்பி, அதாவது ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைய. முடிச்சுக்கும் சேதத்துக்கும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் ஒரு துண்டை வாங்கி நாலு தடவை மடக்கி நிமிர்த்துங்கள். துத்தநாகப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் அந்தக் கம்பி வேண்டாம்.

கம்பியைத் தூணின் உள்பக்கம் கட்டச் சொல்லுங்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் அழகாக இருக்க வேண்டும் என்று வெளிப்பக்கம் கட்டிவிட்டுப் போவார்கள். மாடு உள்ளேயிருந்து சாய்கிறது. உள்பக்கம் கட்டினால் பாரம் தூண் மேல் விழும், வெளிப்பக்கம் கட்டினால் கட்டுக்கம்பி மேல் விழும். வலைக்கம்பி போடலாமா என்று கேட்பீர்கள். ஆட்டுக்கு நல்லதுதான், செலவுதான் கூடும். போட்டால் இரண்டரை, மூன்று அங்குலக் கண்ணாகப் போடுங்கள். ஆறு அங்குலச் சதுரக் கண் போட்டால் கொம்புள்ள ஆடு தலையை விட்டுக்கொண்டு எடுக்க முடியாமல் ராத்திரி முழுக்க நிற்கும், தெருநாய்க்குக் கொண்டாட்டம்.

உங்கள் ஊர்க்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைக்காரன் தேடி வந்த காற்று அது. கணவாய் வழியாக ஆனி ஆடியில் அடிக்கிற அடிக்குக் கம்பி வேலி ஒன்றும் ஆகாது, காற்று ஊடே போய்விடும். ஆனால் ரோட்டு வண்டியைக் கண்டு ஆடு மிரள்கிறது என்று சிலர் வேலியில் பச்சை வலை கட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் பனையோலை செருகுவார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அது வேலி இல்லை, பாய்மரம். ஓர் ஆடிக்காற்றில் நாற்பது தூண் வரிசையாகப் படுத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். மறைப்பு வேண்டுமென்றால் செடியாக வையுங்கள்: கல்லடுக்குக்கு வெளியே ஆடாதோடை, நொச்சி. ஆடாதோடை என்றால் ஆடு தொடாத இலை என்று பெயரிலேயே இருக்கிறது என்பார்கள். கிளுவைக் கம்பும் நன்றாக வரும். ஆனால் அதை ஆடு மேயும். துளிர்த்து வலுக்கும்வரை எட்டாத இடத்தில் நட வேண்டும். எல்லாமே ஐப்பசி மழைக்கு முன் நட்டுவிட வேண்டும், அப்புறம் நட்டால் தண்ணீர் சுமக்க உங்களால் ஆகாது.

அரளி மட்டும் வேண்டவே வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தோவாளைப் பக்கம் பூவுக்காக அரளி வைத்திருக்கிறவர்கள் உண்டு, கம்பு சும்மா கிடைக்கும், வறட்சிக்குச் சாகாது, ஆடும் பச்சையாக இருக்கும்போது அவ்வளவாகத் தொடாது. பூ பூத்தால் ரோட்டுக்கும் அழகு. எல்லாம் சரி. வெட்டிப்போட்ட கிளை வாடியதும் கசப்பு தெரியாமல் மாடு தின்னும். காய்ந்தாலும் விஷம் போகாது. பத்திருபது இலை ஒரு பெரிய மாட்டுக்குப் போதும். நேராக இதயத்தை அடிக்கிற விஷம். நாங்கள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் வயிறு உப்பிக் கிடக்கும்.

வேலி போட்டு முடித்த அன்றைக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும், அதை யாரும் செய்வதில்லை. வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளைப் பொறுக்குவது. மாடு ஆட்டைப் போல் பார்த்துப் பார்த்துத் தின்னாது. நாக்கால் சுழற்றி அப்படியே விழுங்கும். இரண்டங்குலக் கம்பி உள்ளே போனால் தேன்கூடு மாதிரி இருக்கிற இரண்டாம் வயிற்றில் தங்கும். அதற்கு முன்னாலேயே, ஒரு சவ்வுக்கு அப்பால், இதயம். ஒரு தடவை ஒரு ஜெர்சிப் பசுவைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பத்து நாளாகத் தீனி எடுக்கவில்லை. முன்னங்கால் முட்டியை அகற்றி வைத்துக்கொண்டு முதுகை வளைத்து நின்றது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே நீர் கோத்து அலைதாடி பை மாதிரி தொங்கியது. மேட்டில் ஏறுகிறது, இறக்கத்தில் இறங்கமாட்டேன் என்கிறது. இறங்கும்போது வயிறு முன்னால் சரிந்து குத்தும் இல்லையா, அதுதான். செய்வதற்கு ஒன்றுமில்லை. செத்தபின் அறுத்துப் பார்த்தோம். விரல் நீளக் கம்பி, இதயத்தைச் சுற்றிச் சீழ். கம்பியின் பூச்சு இன்னும் பளபளப்பாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு மாதம் முன் போட்ட புது வேலி. வேலைக்காரர்களிடம் ஒரு தகர டின்னைக் கொடுத்து, துண்டு எல்லாம் அதில் விழ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி வேலியோரம் முழுக்க இழுத்துக்கொண்டு நடங்கள். எவ்வளவு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்தால் திகைத்துப்போவீர்கள்.

காற்றாலைப் பாதைக்குக் கேட் வேண்டும். கிரேன் வருமென்றால் 16 அடி அகலமாவது. ரோட்டு ஓரத்திலேயே வைக்காமல் நாற்பது ஐம்பதடி உள்ளே தள்ளி வையுங்கள். அப்போதுதான் வண்டி ரோட்டில் நிற்காமல் உள்ளே நின்று கேட்டைத் திறக்கலாம். கேட் உள்பக்கம் திறக்கட்டும். நீங்கள் என்ன போர்டு மாட்டினாலும் வந்து போகிறவர்கள் திறந்தபடி போட்டுவிட்டுத்தான் போவார்கள். சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. பெரிய கேட்டைப் பூட்டிச் சாவியைக் காற்றாலை ஆபீசில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஆள் போக ஒரு சின்ன கேட் வையுங்கள். அதன் மேல் கீலைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினால் கதவு தன் பாரத்திலேயே தானாக வந்து மூடிக்கொள்ளும். இல்லையென்றால் பழைய வழி, கப்பியில் கயிறு போட்டு ஒரு கல்லைத் தொங்கவிடுவது.

மச்சானின் கரண்ட் வேலி. வீட்டு லைனிலிருந்து நேராக இழுக்கிற யோசனை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். அது குற்றம், ஆள் செத்தால் உயிரைப் பறித்த வழக்கு. சூரிய மின்வேலி வேறு. அது விநாடிக்கு ஒரு தடவை துளி நேரம் மட்டும் துடித்து அடிக்கும், கொல்லாது. ஆனால் உங்கள் நிலத்துக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து. அடி விழ வேண்டுமென்றால் கரண்ட் மாட்டின் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்க வேண்டும். உங்கள் பாறைத் தரை கோடையில் காய்ந்து கிடக்கும்போது எர்த் சரியாகக் கிடைக்காது. காய்ந்த குளம்போடு பாறையில் நிற்கிற வெள்ளாடு அந்தக் கம்பியை மோந்து பார்த்துவிட்டு ஊடே நுழைந்து போகும். மேலும் 2023-இல் தமிழக அரசு மின்வேலிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காட்டை ஒட்டிய நிலங்களில் புதிதாகப் போட முன் அனுமதி, பழையதற்குப் பதிவு. உங்கள் தலைக்கு மேலே இருப்பது காடு. வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

புறம்போக்கு: அடைக்கக் கூடாது. நாலு நாள் மாடு மேய்வது வேறு, தூண் நடுவது வேறு. 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் ஊர்ப்பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. அதுவும் போக, வருஷா வருஷம் கிடை போட வருகிற கோனார்கள் அந்த வழியாகத்தானே செம்மறியை ஓட்டி வருகிறார்கள்? அவர்களை எங்கே போகச் சொல்வீர்கள், ரோட்டிலா?

தப்பு யார் மேல் என்பதற்கு, நான் மாட்டு டாக்டர், வக்கீல் இல்லை என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். வளர்க்கிற பிராணியால் ஆளுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. மறுபக்கம், வண்டிக்காரர் கண்மண் தெரியாமல் ஓட்டி மோதியிருந்தால் மாட்டின் விலையை நீங்கள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். இரண்டில் எதற்கும் காகிதம் வேண்டும். காதில் 12 இலக்க எண் போட்ட அடையாளத் தோடு இல்லாத மாடு யாருடையது என்று நீங்களே நிரூபிக்க முடியாது; மிச்ச எட்டுக்கும் உடனே போட்டு, காப்பீடும் எடுத்துவிடுங்கள். இனி ஒன்று அடிபட்டால் முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் 1962-க்குப் போன் செய்து கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். செத்துப்போனால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கிவிடுங்கள். போன ஆடியில் அதை வாங்கினீர்களா என்று கடிதத்தில் இல்லை. வாங்கியிருக்க மாட்டீர்கள்.

மகனிடம் சொல்லுங்கள்: அவன் இருக்கிற நாட்டில் காட்டுநாய் செம்மறியைத் தின்னாமலிருக்க 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே வேலி போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதே நாட்டின் வடக்கே, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே போகிற ரோடுகள் பலவற்றுக்கு இரண்டு பக்கமும் வேலி கிடையாது. மாடு குறுக்கே வரும், பார்த்துப் போ என்று பலகைதான் வைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை அந்தப் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போதைக்குத் தூண் எதுவும் வாங்க வேண்டாம். தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பி, சாயங்காலத் தவிட்டு வாளியும் ஆரம்பித்து, மூன்று வாரம் விடுங்கள். அதுவரை பகலில் பேரப்பிள்ளை யாரையாவது ரோட்டோரம் கம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் குளத்துக்குப் போகிற அந்த ஒற்றையடித் தடத்தைப் போய்ப் பாருங்கள். அதில் புல் தலைகாட்ட ஆரம்பித்திருந்தால் எனக்கு எழுதுங்கள், 101 தூணுக்குக் கல்லா காங்கிரீட்டா என்று உட்கார்ந்து பேசலாம்.